அந்த மெக்கானிக்குக்குச் சால்வை வேண்டாம்

பாபு,

நேற்று போனில் நீ கேட்ட விலாசத்தை என்னால் கொடுக்க முடியாது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் ரமணய்யா என்று நான் சொன்ன மெக்கானிக் எங்கும் இல்லை. நீ பெயர் கேட்டபோது அந்த நிமிடத்தில் வாயில் வந்த பெயர் அது. உன் கல்யாண வரவேற்பு மேடையில் அவரைக் கூப்பிட்டு, நைனாவின் காரில் பதினெட்டு வருடம் செத்துக் கிடந்த ஆர்.பி.எம். மீட்டரை ஓட வைத்தவர் இவர்தான் என்று எல்லோருக்கும் சொல்லி, சால்வை போர்த்தப் போவதாகச் சொன்னாய். சால்வை எடுத்தாகிவிட்டது, மெரூன் கலர், ஜரிகை வைத்தது என்றும் சொன்னாய். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இல்லாத ஆளை நீ திருப்பதித் தெருக்களில் தேடக்கூடாது என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஆனால் சால்வைப் பேச்சு வராமல் இருந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான்.

மீட்டரைச் சரி செய்தது நான். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன். இந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். கடிதத்தில் நடுவில் பேச முடியாது. பிடிக்காவிட்டால் மடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது நைனா பெங்களூரிலிருந்து அந்த எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டை வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்பார்க் கொடுக்கும் பழைய பாயிண்ட் செட் மாதத்துக்கு ஒரு தடவை தீய்ந்துபோகும். மாங்காய் சீசனில் விடியற்காலையில் வெதுருகுப்பம் தோப்புகளுக்குப் போக வேண்டியவருக்கு, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது பெரிய அவமானம். மாங்கூழ் ஃபேக்டரியில் கொள்முதல் பார்க்கிறவர் தோப்புக்காரர் முன்னால் காரைத் தள்ளிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் கிட் மாட்டியது நல்ல முடிவு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சித்தூரில் ஒரு ஃபிட்டர் அரை நாளில் மாட்டிக் கொடுத்தார். வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும், கம்பெனியிலிருந்தே வந்த ஆர்.பி.எம். மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. ஃபிட்டர் விரலால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் போயிந்தி சார்" என்றார். மீட்டர் போய்விட்டது என்பதை நைனா அப்படியே நம்பினார். நீ அந்தத் தெலுங்கு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாய். டிவி நின்றால் மீட்டர் போயிந்தி, கரண்ட் போனால் மீட்டர் போயிந்தி. நான் கோபத்தில் பேசாமல் இருந்தால், நீயும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அம்மாவுக்கு மீட்டர் போயிந்தி" என்று சிரிப்பீர்கள். உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது.

மீட்டர் போகவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த மாடலில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயர், வழியில் மீட்டரின் முதுகில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் அந்த ஒயரில் மின்சாரம் ஒரு முறை நின்று மறுபடி ஓடும். மீட்டர் அந்தத் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்தும். கிட்டுக்கு முழு வோல்டேஜ் வேண்டும் என்று ஃபிட்டர் சுவிட்சிலிருந்து நேராகப் புது சிவப்பு ஒயர் இழுத்து, கிட்டுக்கும் காயிலுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வெள்ளை ஒயரை வெட்டி டேப் சுற்றிவிட்டார். மீட்டருக்கு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் அது எண்ணவில்லை. இது என்னைப் போல எம்.எஸ்ஸி. படித்து காலேஜில் இயற்பியல் நடத்தினால்தான் புரியும் விஷயம் இல்லை. பானெட்டைத் திறந்து ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். நான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். நைனா சிரித்துக்கொண்டே, "பாடத்த எல்லாம் காலேஜ்ல வெச்சுக்கோ, வண்டிய நான் ஓட்டிக்கினுதான இருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் என்னிடம் எதையும் கோபமாகச் சொன்னது கிடையாது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன் என்று சில சமயம் தோன்றும். அன்று ஒரு பரீட்சைத் தாளில் ஒயர்களைப் படமாக வரைந்து, எதை எங்கே வெட்டி எங்கே சேர்க்க வேண்டும் என்று எழுதி, காரின் டாஷ்போர்டு பெட்டியில் வைத்தேன். என்றாவது எடுத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அடுத்தது உனக்கு ஒன்பது வயதில் நடந்தது. அதைப் பற்றி நான் உன்னிடம் பொய் சொல்லி வளர்த்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு நேர்காணல். முப்பத்து மூன்று வயதில், கையில் ஒன்பது வயதுப் பிள்ளையோடு, பி.எச்டி. இடத்துக்கு. காலையில் சித்தூரிலிருந்து மூவரும் காரில் கிளம்பினோம். மொகிலி மலை ஏற்றத்தில் நைனா ஒரு லாரியை முந்துவதற்காக இரண்டாவது கியரில் போட்டவர், முந்திய பிறகும் மாற்றவில்லை. உன்னிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தார். இஞ்சின் கத்தியது. முள் ஓடியிருந்தால் அது சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றிருக்கும். முள் பூஜ்யத்தில் கிடந்தது. மூணாவதுல போடுங்க, ரொம்ப கத்துது என்றேன். நைனா ஸ்டியரிங்கைத் தட்டி, பாடத்தைக் காலேஜில் வைத்துக்கொள்ளச் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னார். பின் சீட்டில் நீ சிரித்தாய். நான் "சரி" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு மூன்று திருப்பங்களுக்கு அப்புறம் பானெட்டிலிருந்து ஆவி வந்தது, வண்டி நின்றது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பலமனேரிலிருந்து வந்த மெக்கானிக் சொன்னார். அப்போது மணி பதினொன்று. என் நேர்காணலும் பதினொன்றுக்குத்தான். பலமனேரில் ஒரு ஓட்டலில் உட்கார வைத்து நைனா உனக்குத் தோசை வாங்கிக் கொடுத்தார். எனக்கும் வாங்கினார். அடுத்த வருஷம் போயிக்கலாம் என்று சொன்னார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

மீட்டர் ஓடியிருந்தால் அன்று வண்டி நின்றிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைவாக இருந்திருக்கலாம், கேஸ்கெட் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கலாம். ஆதாரம் இல்லாததை ஆதாரம் போலப் பேசுவது என் வழக்கம் இல்லை. தெரிந்த அளவில் சொல்கிறேன்: அடுத்த வருடம் நான் விண்ணப்பிக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. நீ ப்ளஸ் டூவில் மார்க் குறைந்து வந்தபோது, "உனக்காகத்தான் நான் பெங்களூரை விட்டேன்" என்று சொன்னேன். அந்த வயதில் ஒரு பிள்ளை தலையில் கட்டக் கூடாத மூட்டை அது. மூட்டை பொய்யானதும்கூட. உனக்காக விடவில்லை. மறுபடி ஒரு முறை அந்த மலையில் "சரி" சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் விட்டேன். பஸ்ஸில் போயிருக்கலாம். சித்தூரிலிருந்து பெங்களூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ். இத்தனை வருடமாகத் திருப்பதிக்குக் கல்லூரி வேலைக்கு நான் பஸ்ஸில்தானே போய்வருகிறேன்? உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பொய் மூட்டை ஒன்றுக்குத்தான். கேட்கிறேன்.

நைனா தவறிப்போன பிறகு நீ காரைத் தொடவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோதுதான், கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் வருவேன், மீட்டரையும் ஓட வைக்க வேண்டும், நைனாவின் ஆசை அது என்று சொன்னாய். அவர் ஆசைதான். கடைசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தச் செத்த மீட்டரின் கண்ணாடியையும் சேர்த்துத்தான் துடைப்பார். "இத மட்டும் ஓட வெச்சிடணும்டா பாபு" என்பார். ஐந்தடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். நீ வேலைக்கு ஸ்ரீசிட்டிக்குத் திரும்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, நல்ல மெக்கானிக்கா பாரும்மா, நீ எதையும் நோண்டாத என்றாய்.

நோண்டினேன். முதலில் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு நான் வரைந்த ஒயர் படம் இருந்தது. நாலாக மடித்து, கவனமாக, ஒரு பாலிதீன் உறையில். திருப்பினேன். பின்பக்கத்தில் வெதுருகுப்பம் தோப்புக்காரர்கள் நாலைந்து பேருடைய போன் நம்பர். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அந்த நம்பர்களுக்காக.

சனிக்கிழமை மத்தியானம் மீட்டரைக் கழற்றி, வெள்ளை ஒயருக்குப் புதுத்துண்டு சேர்த்து சாலிடர் வைத்து, வளையத்தைச் சுற்றி மாட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்தேன். முள் அசையவில்லை. ஒரு மணி நேரம் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதுதான் சரி, மீட்டர்தான் போய்விட்டது, பதினெட்டு வருடமாக நான் மனதுக்குள் நடத்திய வழக்கு தப்பு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவர் சரியாக இருந்திருந்தால் நான் மௌனமாக இருந்ததும் பெரிய நஷ்டம் இல்லை என்று ஆகிவிடும். அப்புறம்தான் வளையத்தைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறேன் என்பது தெரிந்தது. திருப்பிச் சுற்றினேன். முள் எழுந்தது. ஆனால் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் நடுங்கியது. நானும் ஃபிட்டர் செய்த தப்பையே வேறு விதமாகச் செய்திருந்தேன். அவர்போலவே கிட்டையும் காயிலையும் ஒரே ஒயரில் சேர்த்து, கிட்டுக்குப் போகும் மின்சாரத்தையும் அந்த வளையத்தின் வழியாகவே விட்டிருந்தேன். கிட்டுக்கு நேர் ஒயரைக் கொடுத்து, காயிலுக்குப் போவதை மட்டும் மீட்டர் வழியாக விட்ட பிறகு முள் நடுங்காமல் நின்றது.

நிற்பதால் மட்டும் அது சொல்வது உண்மை என்று ஆகிவிடாது. திங்கட்கிழமை கல்லூரி லேபில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வேண்டிய வேகத்தில் மின்னும் ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் வந்தேன். இஞ்சினின் முன்பக்கப் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் தடவை மின்னும்படி விளக்கை வைத்து, கோடு அசையாமல் நிற்கும்வரை ஐட்லிங்கை மெல்ல மெல்லத் திருகினேன். விளக்கு இஞ்சினின் பாதி வேகத்தில் மின்னினாலும் கோடு நிற்பதுபோலத்தான் தெரியும். அதனால் இரட்டிப்பு வேகத்திலும் வைத்துப் பார்த்தேன். எதிரெதிரே இரண்டு கோடு தெரிந்தது. இஞ்சின் தொள்ளாயிரத்தில்தான் ஓடுகிறது. மீட்டர் ஆயிரத்து நூறு காட்டியது. அதன் முதுகில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பித் தொள்ளாயிரத்துக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாமா, கார்க்கு எக்ஸ்ரே எடுத்துக்கினு கீற?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உனக்கு போன் செய்து ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். யார் சரி செய்தது என்று நீ கேட்கவில்லை. "எந்த மெக்கானிக்கு?" என்றுதான் கேட்டாய். அந்தக் கேள்விக்கு ரமணய்யா என்று பதில் சொன்னேன். பொய்தான். என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காரணம் சொல்லலாம். நான் செய்தேன் என்றால் நைனா செய்ததும் சொன்னதும் தப்பு என்று ஆகும், போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்வதாக உனக்குத் தோன்றும். ஆனால் அது மட்டும் இல்லை. நீயாகக் கண்டுபிடிக்கிறாயா என்று பார்க்கக் காத்திருந்தேன். இத்தனை வருடம் நான் செய்து வந்ததும் அதுதான். அவருக்குப் பெட்டியில் படம், உனக்கு ரமணய்யா.

நீ கண்டுபிடிக்கவில்லை. நித்யா கண்டுபிடித்தாள். நிச்சயம் முடிந்த மறுவாரம் நீயும் அவளும் வந்து, மூவரும் சந்திரகிரி வரைக்கும் காரில் போனோமே, அன்று. நீ இஞ்சினை முறுக்கி முள்ளை ஏற்றி ஏற்றிக் காட்டினாய். உன்னோடு ஒரே கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் டெஸ்டிங் பார்க்கிற பெண், குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்துவிட்டு, "காயில் லைன மட்டும் தனியா பிரிச்சிருக்காங்க, யாரோ தெரிஞ்சவங்க செஞ்சிருக்காங்க" என்று ஆரம்பித்தாள். ஏன் அப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்ல வந்தாள். சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ ஸ்டியரிங்கைத் தட்டி, "பாடத்த எல்லாம் கம்பெனியில வெச்சுக்கோ, வண்டிய நான் ஓட்டிக்கினுதான இருக்கேன்" என்றாய். உனக்கு அது யாருடைய வாக்கியம் என்று அந்த நேரத்தில் தெரிந்திருக்காது. தட்டிய கைகூட அவருடைய கைதான். நித்யா "சரி" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். பின் சீட்டிலிருந்து எனக்கு அவளுடைய காது மட்டும் தெரிந்தது. கண்ணாடியில் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். பாபு, நானும் சிரித்தேன். இருபத்தைந்து வருடத்தில் நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் அருவருப்பானது அந்தச் சிரிப்புதான்.

இரண்டு நாள் கழித்து அவள் எனக்கு போன் செய்தாள். "அத்தை, அந்த சாலிடர் ஷெட்ல போடுறது இல்ல. யாரு செஞ்சாங்க?" என்று கேட்டாள். அவளிடமும் மெக்கானிக் என்றேன். "சரி அத்தை" என்றாள். அன்று வண்டியில் உனக்கு ஒரு சரி, இப்போது எனக்கும் ஒரு சரி.

இன்று காலை அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சந்தோஷப்படுவாள், என்னோடு சேர்ந்துகொள்வாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. "தெரியும் அத்தை. நீங்க அன்னிக்கி வண்டியிலயே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அவளே தொடர்ந்து, "அவருகிட்ட சொல்லுங்க. அவரு இத எப்படி எடுத்துக்கறாருன்னு நான் பாக்கணும். பத்திரிகை அடிச்சாச்சுங்கறதுக்காக நான் கண்ண மூடிக்க மாட்டேன்" என்றாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது, சொன்னால் நீ உஷாராகி நல்லவனாக நடிப்பாய் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துப் பார்க்கும் சோதனைகள் இந்த வீட்டில் போதும். நடிப்பதானால் நடி. அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

நைனா கெட்டவர் இல்லை. உனக்கு நல்ல தகப்பன், அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்கப் போவதில்லை. ஒரு மனுஷி பக்கத்து சீட்டில் இருந்து சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் வரவில்லை. வரும்படி நான் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதே.

சால்வையை வேறு யாருக்காவது போர்த்து. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மெக்கானிக் வேறு யாரும் இல்லை எங்க அம்மாதான் என்று மைக்கில் சொல்லலாம் என்ற யோசனை இந்நேரம் உனக்கு வந்திருக்கும். உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம். கூட்டம் கைதட்டும், நீ கண்ணைத் துடைப்பாய், அதோடு விஷயம் முடிந்துவிடும். அப்படிச் செய்தால் நான் மண்டபத்திலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

கல்யாணத்துக்கு மறுவாரம் புது வேலைக்காக நீங்கள் இருவரும் பெங்களூர் போகிறீர்கள். அந்தக் காரில்தான் போவாய், மொகிலி வழியாகத்தான் போவாய். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துக்கொள். ஏற்றத்தில் முள் நாலாயிரத்தைத் தாண்டினால் கியர் மாற்று. அதை மீட்டர் சொல்லும், தொள்ளாயிரத்தில் வைத்து நானே சரிபார்த்திருக்கிறேன். ஆனால் வழியில் எங்காவது அவள் ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, "சரி" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பினால், அங்கேயே வண்டியை ஓரம் கட்டு. இஞ்சின் அப்போது சூடாகியிருக்காது. முள்ளும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும்.

அம்மா